எட்டுக் கோடுகளில் கிழக்கு: ஒரு கான்ஜி எழுதிப் பழகலாம்

ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகளே கான்ஜி. திசைகளுக்கான கான்ஜிகளில் முதலில் கிழக்கைக் (東) கற்றுக்கொள்ளுங்கள். டோக்கியோ என்ற பெயரிலேயே அது இருக்கிறது: 'டோ' கிழக்கு, 'கியோ' தலைநகர். பழைய தலைநகரான கியோட்டோவுக்குக் கிழக்கே இருந்த எடோ நகருக்கு 1868இல் வைத்த பெயர் அது. ஜப்பானியப் பிள்ளைகள் இந்த எழுத்தை இரண்டாம் வகுப்பில் படிக்கிறார்கள்.

கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். சரி, தொடங்கலாம்.

1. கட்டத்தின் மேல்பகுதியில் இடமிருந்து வலமாக ஒரு படுக்கைக் கோடு.

2. அதற்குச் சற்றுக் கீழே, நாம் வரையப்போகும் பெட்டியின் இடது சுவர்.

3. அந்தச் சுவரின் தலையிலிருந்து வலப்பக்கம் போய், கையை எடுக்காமல் அப்படியே கீழே இறங்குங்கள். கவிழ்த்துவைத்த 'ப' மாதிரி வரும்.

4, 5. பெட்டிக்குள் நடுவே ஒரு குறுக்குக்கோடு. அப்புறம் அடியை மூட இன்னொன்று.

6. இதுதான் எழுத்தின் முதுகெலும்பு. முதல் கோட்டுக்கும் மேலே தொடங்கி, பெட்டியை நடுவாகப் பிளந்துகொண்டு கட்டத்தின் அடிவரை நேராக இறங்க வேண்டும்.

7, 8. பெட்டியின் அடியில், தண்டிலிருந்து இடப்பக்கம் சரியும் ஒரு கால், பிறகு வலப்பக்கம் ஒரு கால்.

வரிசையை மாற்றாதீர்கள். தண்டை முதலில் போட்டால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நான்காவது கோட்டையும் மறக்கக் கூடாது. அது விடுபட்டால் 'கட்டு' என்று பொருள்படும் வேறு எழுத்தாகிவிடும்.

நடுக்கோடு போட்ட அந்தப் பெட்டி தனியாக நின்றால் சூரியன். மற்ற கோடுகள் சேர்ந்தால் மரம். மரத்துக்குப் பின்னால் சூரியன் எழுகிறது என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது. ஆனால் எழுத்து பிறந்த கதை அதுவல்ல. எலும்பில் செதுக்கிய மிகப் பழைய சீன எழுத்துகளில் இது இரு முனையும் கட்டிய மூட்டையின் படம். ஒலி ஒத்திருந்ததால் கிழக்கைக் குறிக்க எடுத்துக்கொண்டார்கள் என்பதே ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் விளக்கம். எனக்கு மூட்டைக் கதைதான் அதிகம் பிடிக்கும்.

தனியாக வந்தால் 'ஹிகாஷி', கூட்டுச்சொல்லில் பெரும்பாலும் 'டோ'. நாம் வடகிழக்கு என்கிறோம். ஜப்பானியர் கிழக்கை முன்னால் வைத்து 'டோஹோகு' என்பார்கள். ஹோன்ஷூ தீவின் வடக்கே ஆறு மாகாணங்கள் சேர்ந்த வட்டாரத்துக்கும் அதே பெயர்.

ரயில் நிலையங்களில் கிழக்கு வாசல் 'ஹிகாஷிகுச்சி'. நம் எழுத்துக்குப் பக்கத்தில் வாயைக் குறிக்கும் வெறும் பெட்டி ஒன்று நிற்கும். டோக்கியோவின் இகெபுகுரோ நிலையத்தில் கவனமாக இருங்கள். பெயரில் கிழக்கு உள்ள டோபு அங்காடி மேற்கு வாசலில் இருக்கிறது. பெயரில் மேற்கு உள்ள செய்பு கிழக்கு வாசலில். கடைப் பலகையை விட்டுவிட்டு, அந்த வெறும் பெட்டியோடு சேர்ந்து வரும் எழுத்தைப் பார்த்து நடங்கள்.