கழிமுகச் சேற்றில் நைட்ரேட் ஐசோடோப்பு: சறுக்கும் இடங்கள்

குப்பியில் தேதி எழுதுங்கள், வடிகட்டியை மாற்றுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. எங்கள் காலத்திலேயே பழசாகிப்போன தவறுகளைப் புதிதாக வருகிறவர்கள் மெருகேற்றிச் செய்வதுதான் தாங்கவில்லை.

மேல்நீரைப் பார்த்துச் சேற்றுக்குத் தீர்ப்பு

ஆய்வு மாணவி ஒருவர் வரைபடம் ஒன்றை நீட்டினார். ஆற்றுமுனை முதல் முகத்துவாரம் வரை மேல்நீரில் (சேற்றுக்கு மேலே நிற்கும் நீர்) நைட்ரேட்டின் நைட்ரஜன்-15 மதிப்பு (எடை கூடிய நைட்ரஜன் அணுக்களின் விகிதம்) ஏறாமல் இறங்காமல் படுத்துக் கிடந்தது. அடியில் முடிவு: 'சேற்றில் டிநைட்ரிஃபிகேஷன் (பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுவது) இல்லை.' அதே இடத்துச் சேற்றுத் தண்டை (குழாய் செருகி எடுத்த சேறு) மேல்நீரோடு மூடி இருட்டில் வைத்தோம். மறுநாள் காலையில் நைட்ரேட் இறங்கியிருந்தது, கரைந்த நைட்ரஜன் வாயு ஏறியிருந்தது.

பாக்டீரியா எடை குறைந்த நைட்ரஜன்-14ஐத்தான் முதலில் பிடிக்கும். ஆக்சிஜன் வற்றிய திறந்த கடல்நீரில் இது நடந்தால், மிச்சமாகும் நைட்ரேட்டில் நைட்ரஜன்-15 ஏறிக்கொண்டே போகும். இந்தப் பாகுபாடு 20, 25 பெர்மில்கூட (ஆயிரத்துக்கு இத்தனை) இருக்கும். கழிமுகச் சேற்றிலோ ஆக்சிஜன் சில மில்லிமீட்டருக்குள் தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஊறி இறங்கும் நைட்ரேட் அங்கேயே காலியாகிறது. மேலே திரும்பிவர மிச்சமில்லை. இலையில் மிச்சம் கிடந்தால்தானே எதை ஒதுக்கினார் என்று தெரியும்? வழித்துச் சாப்பிட்டவரின் இலையைப் பார்த்து, அவர் பந்தியிலேயே உட்காரவில்லை என்பீர்களா?

அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடற்குடாச் சேற்றில் பிராண்டஸ், டெவால் என்ற ஆய்வாளர்கள் 1997இல் காட்டியது இதைத்தான்: மேல்நீரில் தெரிந்த பாகுபாடு பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல்நீரில் மதிப்பு 2 பெர்மில் ஏறியிருக்கிறது. மதிப்பின் ஏற்றத்திலிருந்து நைட்ரேட் இழப்பைக் கணிக்கும் ராலே சமன்பாட்டில் பாகுபாடாக 25ஐப் போட்டால் இழப்பு 8 சதவீதம். 3ஐப் போட்டால் ஏறக்குறைய பாதி! எந்த எண்ணை ஏன் போட்டார் என்று எழுதாதவரின் அட்டவணையை நான் புரட்டுவதே இல்லை. தண்டிலிருந்து வெளியேறும் வாயுவை நேரடியாக அளக்காமல் ஐசோடோப்பு எந்திரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

நைட்ரைட்

மாதிரியில் நைட்ரேட்டோடு நைட்ரைட்டும் இருந்தால், அதைச் சல்ஃபாமிக் அமிலம் போட்டு நீக்குங்கள். நைட்ரேட்டைப் பாக்டீரியாவால் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக்கி அளக்கும் முறை இரண்டையும் சேர்த்தே எண்ணும்.

உறையவைத்த சேறு

சேற்றுநீரை வடித்தெடுத்து அதை உறையவையுங்கள், சேற்றை அல்ல. சில ஃபோராமினிஃபெராக்களும் (ஓடுள்ள ஒருசெல் உயிரிகள்) பெஜியாடோவா என்ற பாக்டீரியாவின் இழைகளும் தங்கள் உடலுக்குள் நைட்ரேட்டைச் சேமித்துவைத்திருக்கும். உறைந்தால் வெடித்துக் கொட்டிவிடும். ஆக்சிஜனே இல்லாத ஆழத்தில் நைட்ரேட் மேடு தெரிந்தால் கண்டுபிடிப்பு என்று குதிக்க வேண்டாம்.

கலவைக் கோடு

ஆற்றுநீரும் கடல்நீரும் வெறுமனே கலந்தால், உப்புத்தன்மைக்கு எதிரே நைட்ரேட் செறிவு நேர்கோடு, ஐசோடோப்பு மதிப்பு வளைகோடு. ஆற்றில் நைட்ரேட் கடலைவிட இருபது மடங்கு என்றால், முக்கால்வாசி கடல்நீர் கலந்த பிறகும் மதிப்பு ஆற்றை ஒட்டியே நிற்கும். கடல் பக்கம் நெருங்கும்போதுதான் சட்டென்று திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு ஒரு பாக்டீரியாக் கதை கட்டுவதற்கு முன், அங்கே மாதிரிகளை நெருக்கமாக எடுங்கள்.