இறைச்சிக்காக ஒரு வசந்தகாலக் கரடி வேட்டை: ஒன்ராறியோவில் வில்லோடு போகத் திட்டமிடுவது எப்படி

மே மாதத்தில் விழுந்த கரடியின் இறைச்சியைக் கெடுப்பது பெரும்பாலும் சூடுதான். தடித்த மயிர், அதற்கடியில் கொழுப்பு. உயிர் போன பிறகும் இரண்டும் சேர்ந்து உடம்புச் சூட்டைப் போர்வை போலப் பிடித்து வைத்திருக்கும். வெளியே 20 பாகை வெயில் என்றால், பின்தொடை எலும்பைச் சுற்றியுள்ள சதை ஒரே இரவில் புளித்த வாடை எடுத்துவிடும். தோலுக்காகப் போகிறவருக்கு இது இரண்டாம் பட்சம். சட்டிக்காகப் போகிறவர் எந்த வாரம், எந்த இடம், எத்தனை மணிக்கு அம்பு விடுவது என்ற எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியை மனதில் வைத்தே முடிவு செய்யவேண்டும்.

எந்த வாரம்

ஒன்ராறியோவில் வசந்தகாலக் கரடி வேட்டை 1999இல் நிறுத்தப்பட்டது. 2014இல் சில பகுதிகளில் பரீட்சார்த்தமாகத் திரும்பி வந்து, 2021இலிருந்து நிரந்தரமாகியிருக்கிறது. பருவம் மே 1 முதல் ஜூன் 15 வரை. மே தொடக்கத்தில் குளிர் இருக்கும், இலையான் கொசுத் தொல்லை குறைவு. ஆனால் குகையை விட்டு வந்த கரடி அப்போதுதான் வயிற்றைப் பழக்கிக்கொண்டு தெருவோரப் புல்லையும் மொட்டுகளையும் மேய்ந்துகொண்டிருக்கும், கவர்ந்திழுக்க நாம் வைக்கும் இரைக்கு வர நாளாகும். ஜூனில் இணைசேரும் காலம், பெரிய ஆண்கள் பகலிலேயே அலைவார்கள், ஆனால் வெக்கை. இறைச்சிதான் நோக்கம் என்றால் மே 15க்கும் 28க்கும் இடைப்பட்ட நாட்கள் நல்ல சமரசம். வடக்கில் இரவு இன்னும் 5 பாகைக்கு அண்மையில் இறங்கும். விக்டோரியா நாள் (மே 25க்கு முந்திய திங்கள்) நீள்வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏரிக்கரை எல்லாம் கொட்டேஜ்காரரும் படகும்தான்.

பத்திரங்கள்

வேட்டைக் கல்விப் பயிற்சியும் தேர்வும், அவுட்டோர்ஸ் அட்டை (வேட்டைக்காரருக்கான மாகாண அடையாள அட்டை), கரடி அனுமதிப்பத்திரமும் அதன் டாக்கும் (கொன்ற கரடிக்கான அடையாளச் சீட்டு). வில்லோடு மட்டும் போகிறவருக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டியதில்லை. வேறு மாகாணத்தவரோ வெளிநாட்டவரோ என்றால் விதிகள் வேறு, பெரும்பாலும் உள்ளூர் வழிகாட்டி நிறுவனம் ஊடாகத்தான் போகவேண்டும்.

வில் விஷயத்தில் சட்டம் துல்லியமானது. 700 மில்லிமீற்றர் இழுவையில் குறைந்தது 22 கிலோ விசை. அம்பு குறைந்தது 600 மில்லிமீற்றர் நீளம். வெட்டுமுனை குறைந்தது 22 மில்லிமீற்றர் அகலம், இரண்டு கூரான விளிம்புகள். மானுக்கு 18 கிலோ போதும் என்பதால், மான் வேட்டைக்குச் சரிபார்த்த வில்லை அப்படியே எடுத்துப்போய்ப் பிடிபடுகிறவர்கள் உண்டு. தராசு வைத்து அளந்து பாருங்கள்.

மரத்தில் கட்டிய பரணுக்கு நடந்து போகும்போதும் திரும்பும்போதும் செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் வேண்டும். பரணில் ஏறிய பிறகு கழற்றலாம். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் விதிச்சுருக்கத்தில் உங்கள் வேட்டைப் பிரிவின் எண்ணைத் தேடிப் படியுங்கள்.

இடம்

ரொறன்ரோவிலிருந்து சட்பரி ஏறக்குறைய 400 கிலோமீற்றர், ரிமின்ஸ் 700. வடக்கே போகப்போகக் கரடி கூடும், ஆனால் இரை போட மூன்று முறையாவது போய்வர வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. முதல்முறை போகிறவருக்குச் சட்பரியைச் சுற்றியுள்ள அரச காணி போதும். சாப்லோ பக்கம் போக நினைத்தால் வரைபடத்தைக் கவனமாகப் பாருங்கள், அங்கே பெரியதொரு அரச காப்பகத்துக்குள் வேட்டைக்கு இடமே இல்லை.

இரை வைக்கும் இடம் குடியிருப்பிலிருந்து 500 மீற்றரும், பொது வாகனப் பாதையிலிருந்தும் அடையாளமிட்ட நடைபாதையிலிருந்தும் 200 மீற்றரும் தள்ளியிருக்க வேண்டும். அதற்காக ஒரு கிலோமீற்றர் உள்ளே போய்விடாதீர்கள். 100 கிலோ கரடியைக் கால்வேறு கைவேறாக்கி முதுகில் சுமக்கப்போவது நீங்கள்தான். பாதையிலிருந்து 250 முதல் 400 மீற்றர், திரும்பி வரும் வழி மேட்டிலிருந்து பள்ளமாக (ஏற்றம் போகும்போது இருக்கட்டும், சுமையோடு வரும்போது வேண்டாம்), பக்கத்தில் ஓடையோ பீவர் (அணைகட்டும் நீரெலி) அடைத்த சிறு குளமோ. இப்படியொரு இடம் கிடைத்தால் வேறு தேடவேண்டாம்.

இரை

உணவு அடைத்துவந்த 200 லீற்றர் பரல் (பீப்பாய்) ஒன்று. பக்கவாட்டில் 20 முதல் 25 சென்ரிமீற்றர் துளை வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, சங்கிலியால் மரத்தோடு கட்டுங்கள். கட்டாத பரலைக் கரடி உருட்டிக்கொண்டு புதருக்குள் போய்விடும், பரணிலிருந்து பார்க்கிறவருக்குச் சத்தம் மட்டும் மிஞ்சும். துளை சிறிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கரடி கையை விட்டு இழுத்து இழுத்துத் தின்னும், ஒரே இரவில் காலியாகாது. வார இறுதியில் மட்டும் போகக்கூடிய நகரத்து ஆளுக்கு இதுதான் உயிர்.

உள்ளே போடுவது: ஓட்ஸ் அல்லது சோளப்பொரி 25 கிலோ, நாய் உணவு 10 கிலோ, பழைய பாண், மேலே பாவித்த பொரித்த எண்ணெய் 8 முதல் 10 லீற்றர். ஸ்காபரோவில் றோல்ஸும் வடையும் பொரிக்கும் ரேக்அவுட் கடைகளில் கேட்டால் எண்ணெய் தட்டுப்பாடில்லை. எண்ணெய் இரண்டு வேலை செய்யும். மழையில் தானியம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும். தின்ற கரடியின் காலில் ஒட்டி, அது நடந்த வழியெல்லாம் வாசம் போகும், அடுத்த கரடி அந்த வழியே வரும். சொக்லேட் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தியோபுரோமின் கரடிக்கு நஞ்சு. 2014இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் சொக்லேட் வைத்த இரைத்தளத்தில் நான்கு கரடிகள் செத்துக் கிடந்தன. சீனிக்குப் பதிலாகச் சைலிற்றோல் போட்ட இனிப்புகளையும் விலக்குங்கள். அழுகிய இறைச்சி, மீன் தேவையே இல்லை.

முதல் வாரம் நிரப்பி, மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சோம்பு எண்ணெய் தோய்த்த துணி ஒன்றைக் கட்டிவிட்டு வாருங்கள். இரண்டாம் வாரம் நிரப்பும்போது, தளத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கமெராவின் படங்களைப் பாருங்கள். வருவது எத்தனை, எத்தனை மணிக்கு, முக்கியமாகக் குட்டியோடு தாய் வருகிறதா? வந்தால் அந்தத் தளத்தை விட்டுவிட்டு இன்னொன்றைப் போடுவதே நல்லது. மூன்றாம் வாரம் வேட்டை. இரை போடும் போதெல்லாம் ஒரே சப்பாத்து, ஒரே உடுப்பு, ஒரே அளவு சத்தம். மனித வாடையும் சாப்பாடும் சேர்ந்தே வரும் என்று கரடி பழகிவிடும். வேட்டையன்று கூட்டாளி உங்களைப் பரணில் ஏற்றி, வழக்கம்போலப் பரலை நிரப்பி, சத்தம் போட்டுக்கொண்டு திரும்பிப் போகட்டும். வந்தவர் போய்விட்டார் என்று கரடி எடுத்துக்கொள்ளும்.

பரணும் காற்றும்

பரண் பரலிலிருந்து 15 முதல் 18 மீற்றர் தூரத்தில், தரையிலிருந்து 5 மீற்றர் உயரத்தில். இதைவிட உயர்ந்தால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டும் துளைக்கும். முழு உடல் பாதுகாப்பு வார் காலை நிலத்தில் வைத்திருக்கும்போதே பூட்டப்பட வேண்டும், ஏறிய பிறகு அல்ல.

கரடி நேரே பரலுக்கு வராது. காற்று எங்கே போகிறதோ அந்தப் பக்கம் சுற்றிவந்து மோப்பம் பிடித்த பிறகே நுழையும். எனவே பரணின் காற்றுவாக்கில், கரடி நடக்க விரும்பாத ஏதாவது இருக்கவேண்டும்: குளம், சதுப்பு, திறந்த பாறை. மேற்கு, வடமேற்குக் காற்றே அதிகம் என்பதால் பரலுக்குக் கிழக்கில் பரண், பரணுக்குக் கிழக்கில் தண்ணீர் என்று அமைந்தால் பாதி வேலை முடிந்தது. மாலையில் காற்று அடங்கியதும் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும், உங்கள் வாடையும் அதோடு வழியும். பரணைவிடப் பரல் தாழ்வில் இருந்தால் சரியாகக் கரடி வரும் நேரத்தில் குட்டு உடையும்.

பரலின் இருபுறமும் கட்டைகளை V வடிவில் அடுக்கினால் கரடி ஒரே வழியால் நுழைந்து உங்களுக்குப் பக்கவாட்டாக நிற்கும். கருவண்டு அளவு கொசு என்று வடக்கைப் பற்றிச் சொல்வது மிகை, ஆனால் முகவலை இல்லாமல் ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பது யாராலும் முடியாது.

எந்தக் கரடி

பரல் நின்ற நிலையில் 88 சென்ரிமீற்றர் உயரம், அதுவே உங்கள் அளவுகோல். நான்கு காலில் நிற்கும் கரடியின் முதுகு பரலின் பாதி உயரத்தில் இருந்தால் அது இளசு, விட்டுவிடுங்கள். மேல் வளையத்தைத் தாண்டினால் வளர்ந்த கரடி. காது தலையின் உச்சியில் பெரிதாகத் தெரிந்தால் பெண்ணாகவோ இளசாகவோ இருக்கும். தலை அகன்று, காது சிறுத்துப் பக்கவாட்டில் ஒதுங்கித் தெரிந்தால் பெரும்பாலும் ஆண். குட்டியையோ குட்டியோடு இருக்கும் பெண்ணையோ வசந்தத்தில் கொல்வது குற்றம், 25,000 டொலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும். தாய் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாக வரும். பத்து நிமிடம் வில்லைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

அம்பு

50 இறாத்தலுக்கு மேற்பட்ட வில், மொத்தம் 450 கிரெய்னுக்கு (ஏறக்குறைய 29 கிராம்) குறையாத அம்பு, சவரக்கத்தி போலத் தீட்டிய நிலையான இரண்டு அல்லது மூன்று அலகு வெட்டுமுனை. விரிந்து திறக்கும் முனைகளைவிட இதுவே நம்பகமானது. கரடிக்கு மயிர் இரத்தத்தைக் குடிக்கும், கொழுப்பு துளையை அடைக்கும். எதிர்ப்பக்கம் தாழ்வாக ஒரு வெளித்துளை விழாவிட்டால் இரத்தத் தடமே இருக்காது.

மானுக்குக் குறி வைப்பதுபோல் தோளுக்கு ஒட்டிப் பின்னால், வயிற்றுக்கு மேலே தாழ்வாக என்று போனால் தவறும். மயிர் 8 முதல் 10 சென்ரிமீற்றர் தொங்குவதால் உடம்பு உண்மையைவிடத் தாழ்வாகத் தெரியும். இந்தப் பக்க முன்கால் முன்னே எட்டி வைக்கும் வரை காத்திருந்து, காலுக்கு ஒரு கையகலம் பின்னால், உடம்பின் நடு உயரத்துக்குச் சற்றே கீழே விடுங்கள். நேருக்கு நேர் நிற்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் வேண்டாம்.

சட்டப்படி சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை அம்பு விடலாம். இறைச்சிக்காரர் கடைசி இருபது நிமிடத்தை விட்டுக்கொடுப்பதே புத்தி. அந்த அரை மணிக்குப் பிறகு வில் உறைக்குள் இருக்கவேண்டும். இருட்டில், காயப்பட்ட கரடியின் பின்னால், கரடி ஸ்பிரேயோடு மட்டும் தேடுவதா, அல்லது விடியும்வரை விட்டு இறைச்சியைப் புளிக்கவிடுவதா என்ற தெரிவு யாருக்கும் வேண்டாம்.

விட்டபின் இறங்காதீர்கள். கடைசியாகப் பார்த்த மரத்தைக் குறித்துக்கொண்டு காது கொடுங்கள். விழும் சத்தமும் நீண்ட முனகலும் கேட்டால் அரை மணி, கேட்காவிட்டால் ஒரு மணி. அம்பில் பச்சையும் நாற்றமும் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது, நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் பொறுக்கவேண்டும். அந்த இறைச்சியில் ஒரு பகுதி போனது போனதுதான். தடத்தைத் தரையில் தேடாமல் முழங்கால் உயரச் செடிகளில் தேடுங்கள். இரண்டு நுரையீரலும் பட்டது பெரும்பாலும் 100 மீற்றருக்குள் கிடக்கும்.

சூட்டை இறக்குவது

முதலில் டாக்கை உரியபடி குறியுங்கள், பிறகே உடலை நகர்த்தலாம். அரை மணிக்குள் குடலை எடுத்து, அங்கேயே தோலையும் உரித்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் உரிப்போம் என்று தோலோடு ரக்கில் ஏற்றுவதுதான் இறைச்சி கெடுவதற்கு முதற்காரணம். பின்தொடைகளில் எலும்புவரை ஒரு நீளக் கீறல் போட்டுச் சூட்டை வெளியே விடுங்கள். துண்டுகளை வெள்ளைப் பருத்திப் பையில் (பழைய தலையணை உறை போதும்) நிழலில் தொங்கவிட்டு மேற்பரப்பு காய்ந்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள். சூட்டோடு பிளாஸ்ரிக் பையில் கட்டினால் அதுவே அவித்துவிடும். பித்தப்பையைத் தனியே எடுத்து வைத்திருப்பது ஒன்ராறியோவில் குற்றம், இறைச்சியை விற்கவும் முடியாது.

70 லீற்றர் கூலர் இரண்டு, ஐஸ் 30 கிலோ. உருகும் தண்ணீரில் இறைச்சி ஊறாமல் அடியில் கம்பித்தட்டு வைத்து, வடிகுழாயைத் திறந்தே விடுங்கள். 100 கிலோ கரடியில் எலும்பு நீக்கிய இறைச்சி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தேறும்.

சட்டியில்

கரடியில் திரிக்கினெல்லா என்ற நுண்புழு இருக்கலாம். பன்றியில் வரும் வகை உறைந்தால் சாகும், வடக்குக் காட்டு விலங்கில் வரும் வகை சாகாது. 2022 மே மாதம் வடக்குச் சஸ்கற்சுவானில் வேட்டையாடிய கருங்கரடி ஒன்றின் இறைச்சி 45 நாள் உறைபெட்டியில் இருந்த பிறகு தென் டக்கோட்டாவில் ஒரு குடும்ப ஒன்றுகூடலில் கெபாப்பாகச் சுடப்பட்டது. நிறமே கடுஞ்சிவப்பு என்பதால் வேகாதது தெரியவில்லை. ஆறு பேருக்கு நோய். அதில் இருவர் இறைச்சியைத் தொடவே இல்லை, அதோடு சேர்த்துச் சுட்ட மரக்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள்.

எனவே நிறத்தை நம்பாமல் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். துண்டின் நடுவில் 74 பாகை வந்தால்தான் ஆயிற்று. உப்புக்கண்டம், வத்தல், புகைபோட்ட துண்டு எதுவுமே இந்தப் புழுவுக்குப் பாதுகாப்பல்ல. நல்லவேளையாக எங்கள் சமையல் இதற்கென்றே அமைந்ததுபோல. தோள், கழுத்து, கால் எல்லாம் பிரஷர் குக்கரில் 40 நிமிடம் அவித்து, யாழ்ப்பாணக் கறித்தூளும் பெருஞ்சீரகமும் போட்டுப் பிரட்டினால் மாட்டுக்கும் பன்றிக்கும் இடைப்பட்ட ருசி. வெள்ளைக் கொழுப்பைச் சமைக்குமுன் முழுதாக வெட்டி எடுங்கள். உறைபெட்டியில் முதலில் கசப்பது அதுதான். வேண்டுமென்றால் மெல்லிய தீயில் உருக்கி வடிகட்டிப் போத்தலில் வையுங்கள், றோல்ஸ் மாவுக்கு அருமை. அரைத்த இறைச்சியையும் றோல்ஸுக்குள் வைக்கலாம், ஆனால் உள்ளே வைக்குமுன் கறி முழுதாக வெந்திருக்கவேண்டும். எண்ணெயில் போட்ட றோல் மேலே சிவந்தாலும் நடுவில் சூடு போதாமல் இருக்கும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் வெங்காயம் வெட்டாதீர்கள்.

வேட்டை அறிக்கையைக் காலக்கெடுவுக்குள் அனுப்புங்கள், கரடி கிடைக்காவிட்டாலும், காட்டுக்கே போகாவிட்டாலும். பரலையும் சங்கிலியையும் மிச்ச இரையையும் கழற்றி எடுத்துவர இன்னொரு வார இறுதியை ஒதுக்கி வையுங்கள்.