தேக்கு உயரத்தை நீங்களே அளந்துவிடுங்கள்

வியாபாரி தோப்புக்குள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "பதினாறு அடிதான் தேறும்ணே" என்பார். அந்தக் குத்துமதிப்பை நம்பி விலை பேசாதீர்கள். நேர்மரத்தின் நீளத்தில் பாதி தூரத்தில் எடுக்கும் நடுச்சுற்றளவு 36 அங்குலம் என்று வையுங்கள். அதில் கால்பங்கு 9. 9-ஐ 9-ஆல் பெருக்கி, நீளம் 16 அடியால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் 9 கன அடி. உண்மையில் 20 அடி இருந்தால் 11.25 கன அடி. இந்தக் கால்சுற்றுக் கணக்கே உருண்டை மரத்தின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விட்டுவிடுகிறது. உயரத்திலும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

மரவாடிக்குப் போவது அடியிலிருந்து முதல் பெரிய கவை வரையுள்ள நேர்மரம். விலைக்கு அந்த உயரம்தான் முக்கியம். மொத்த உயரம் வளர்ச்சியைப் பார்க்க உதவும்.

அழகர்மலை அடிவாரத்தில் எங்கள் தோப்பு சமதரை. அதனால் வேப்பங்குச்சி போதும். கையை முழுதாக நீட்டி, கண்ணிலிருந்து கைப்பிடி வரை உள்ள தூரத்தை ஒருவரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். கைப்பிடிக்கு மேலே குச்சி சரியாக அதே நீளம் நிற்க வேண்டும். குச்சியைச் செங்குத்தாகப் பிடித்தபடி முன்னும் பின்னும் நடங்கள். கைப்பிடியின் மேல்விளிம்பு மரத்தின் அடியிலும் குச்சி நுனி கவையிலும் ஒரே சமயத்தில் பொருந்தும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து மரம் வரை டேப் பிடித்தால் வரும் தூரம்தான் உயரம். தூரத்தை மட்டும் காலடியால் அளக்கவே கூடாது.

மலைச்சரிவில் இது சரிவராது. அங்கே செல்போனில் கோணம் காட்டும் செயலி வேண்டும். டேப்பைச் சரிவோடு சாய்க்காமல் மட்டமாகப் பிடித்து 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள். உச்சிக்குக் கோணம் 40 டிகிரி என்றால் அதன் டான் (கால்குலேட்டரில் tan) மதிப்பு 0.839, அதை 15-ஆல் பெருக்கினால் 12.6 மீட்டர். அடிமரம் கண்மட்டத்துக்குக் கீழே 6 டிகிரி என்றால் இன்னொரு 1.6 மீட்டர் கூடும். மொத்தம் 14.2. அடிமரம் கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் கழிக்க வேண்டும்.

அப்புறம், உச்சி எது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் பக்கம் நீண்டிருக்கும் கிளை உண்மையான நுனியைவிட உயரமாகத் தெரியும். அடர்ந்த காட்டில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கிட்ட நிற்காமல் மர உயரம் அளவுக்காவது தள்ளி நின்று, நடுத்தண்டைப் பிடித்துக் கண்ணை மேலே ஏற்றிப் போங்கள். தேக்கு இலை உதிர்த்து நிற்கும் மாசி, பங்குனியில் நுனி நன்றாகத் தெரியும். சாய்ந்த மரம் என்றால், அது உங்களை நோக்கியோ உங்களை விட்டு விலகியோ சாயாமல் பக்கவாட்டில் சாய்ந்து தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

ஒவ்வொரு மரத்தையும் இரண்டு பக்கமிருந்து அளங்கள். அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது பக்கமும் போங்கள். நெஞ்சு உயரத்தில், 1.37 மீட்டரில், பெயின்டால் எண் போட்டு, அதே எண்ணில் சுற்றளவையும் உயரத்தையும் நோட்டில் எழுதிவிட்டு வியாபாரியை வரச் சொல்லுங்கள்.