முதல்முறையாக முழுக் கண் பரிசோதனைக்குச் செல்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பார்வை மங்கினால்தான் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயில் அந்த எண்ணமே பார்வைக்குக் கேடாகிவிடுகிறது. இந்நோய் பெரும்பாலும் வலியின்றி வரும். பார்வை ஓரங்களிலிருந்து குறைந்துகொண்டே வந்தாலும் நேர்ப்பார்வை நெடுநாள் தெளிவாக இருப்பதால், எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பிழையின்றிப் படிப்பவருக்கும் பார்வை நரம்பு பழுதடைந்திருக்கலாம். இழந்த பார்வையை மீட்க முடியாது. மிஞ்சியிருப்பதைக் காக்க மட்டுமே முடியும். ஆகவே கண்ணாடிக்குப் பவர் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கண்ணின் உட்புறத்தையும் காட்டிக்கொள்ள வேண்டும்.

படி 1: காலத்தை முடிவு செய்யுங்கள்

எந்தக் குறையும் தெரியாதவர்கள்கூட 40 வயதில் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. 65 வயதுக்குப் பிறகு ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை தேவைப்படும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தவுடனேயே விழித்திரையைக் காட்ட வேண்டும். பின்னர் பொதுவாக ஆண்டுதோறும் செல்ல வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் 40 வயது வரை காத்திருக்க வேண்டாம். சிறு குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே அழைத்துச் செல்லுங்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால், மற்றொரு கண்ணால் சமாளித்துக்கொள்ளும் குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது.

படி 2: கொண்டு செல்ல வேண்டியவை

இப்போது அணியும் கண்ணாடி, பழைய சீட்டுகள், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவை போதும். மருந்துப் பட்டியலை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்: ஸ்டீராய்டு மருந்துகள் கண் அழுத்தத்தை உயர்த்தவும் கண்புரையை உண்டாக்கவும் கூடும். சர்க்கரை அளவு மிகவும் ஏறி இறங்கும் நாட்களில் கண்ணாடியின் பவரும் மாறிக் காட்டும் என்பதால், அது கட்டுக்குள் வந்த பின் புதுக் கண்ணாடி வாங்குவதே சரி. பரிசோதனையில் விடும் சொட்டு மருந்தால் பார்வை சில மணி நேரம் கலங்கும் என்பதால், திரும்பும்போது நீங்கள் வாகனம் ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் வரட்டும்.

படி 3: பார்வை அளவும் கண் அழுத்தமும்

ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். 6/12 என்று எழுதினால், இயல்பான பார்வையுள்ளவர் 12 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டரில்தான் படிக்கிறீர்கள் என்று பொருள். ஊகித்துச் சொல்லாமல், தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

அடுத்துக் கண் அழுத்தத்தை அளப்பார்கள். சில கருவிகள் கண்ணின் மீது சட்டென ஒரு காற்றை ஊதும். உடல் துணுக்குறுமே தவிர வலிக்காது. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு இயல்பானது. ஆயினும் அந்த எல்லைக்குள் இருப்பவர்களுக்கும் கிளாக்கோமா வருவதுண்டு. எனவே இந்த ஓர் எண்ணை வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

படி 4: சொட்டு மருந்து விட்டு உட்புறத்தைப் பார்த்தல்

பலர் நேரமில்லை என்று தவிர்த்துவிடும் இந்தப் படியே, என் கருத்தில், மிக முக்கியமானது. சொட்டு மருந்து விட்டதும் சிறிது எரிச்சல் தோன்றும். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் கண்பாவை விரியும். அதற்குள் கையிலுள்ள கைப்பேசியின் எழுத்துகள் கலங்கத் தொடங்கும், வெளிச்சம் கூசும். சில மணி நேரத்தில் இவை தாமாகச் சரியாகிவிடும்; அதுவரை வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணியலாம். விரிந்த பாவையின் வழியே மருத்துவர் பார்வை நரம்பின் முனையையும் விழித்திரையின் ஓரங்களையும் இரத்த நாளங்களையும் நேராகவே பார்க்கிறார். சர்க்கரை நோயால் ஏற்படும் நுண்ணிய இரத்தக் கசிவுகள், நோயாளி எதையும் உணர்வதற்கு முன்பே இங்கே கண்ணில் படும்.

படி 5: எழும் முன் கேட்க வேண்டியவை

“பார்வை நரம்பு எப்படி இருக்கிறது? விழித்திரையில் மாற்றம் உண்டா? அடுத்து எப்போது வர வேண்டும்?” என்று கேட்டு, விடைகளைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அவை மருத்துவருக்கே உதவும்.

அந்தத் தேதிக்கு முன்பே திடீரென மின்னல் வெட்டுவது போன்ற ஒளியோ, புதிதாகப் பல கரும்புள்ளிகளோ, திரை விழுந்தது போன்ற மறைப்போ தோன்றினால், விழித்திரை விலகுவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், அன்றைக்கே மருத்துவரிடம் சென்றுவிடுங்கள்.