குறைந்த சம்பளம்: நான் விழுந்த குழிகளில் நீங்களும் விழ வேண்டாம்

என் அறைக்குப் புதிதாக வந்த தம்பி போன வாரம் சந்தோஷமாகச் சொன்னான்: "கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்து பயந்தே போயிட்டேண்ணா, நல்லவேளை மினிமம் கட்டினா போதுமாம், கட்டிட்டேன்." முதல் வேலையில் சேர்ந்த புதிதில் நான் சொன்ன அதே வசனம். செலவை எழுதி வை, கண்டதை வாங்காதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்லியாயிற்று, அதை விடுங்கள்.

மினிமம் கட்டிவிட்டுத் தூங்குவது

நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. மினிமம் என்பது இந்த மாதம் குறைந்தது இவ்வளவாவது கட்டு என்று பில்லில் போட்டிருக்கும் தொகை. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். மிச்சத்துக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மாதம் 3% என்றால் பார்க்கச் சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். கடன் 100, வட்டி மாதம் 3%, மினிமம் பாக்கியில் 5% என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் கடன் 103 ஆகும், நீங்கள் 5.15 கட்டுவீர்கள், 97.85 நிற்கும். கட்டியது ஐந்துக்கு மேல், குறைந்தது இரண்டு சொச்சம். கடன் குறையக் குறைய மினிமமும் குறைந்துகொண்டே வரும், சூட்சுமமே அங்கேதான். இப்படியே 32 மாதம் போனால் மொத்தம் 120 கட்டியிருப்பீர்கள், இன்னும் 50 பாக்கி நிற்கும்! அதே கடனுக்கு மாதாமாதம் மாறாமல் 10 கட்டியிருந்தால், அதே 120 சொச்சத்தில், ஒரு வருடத்தில் கதை முடிந்திருக்கும்.

நான் அப்படி வாங்கியது ஒரு போன். பதினோராவது மாதம் பஸ் படிக்கட்டில் விழுந்து திரை சுக்குநூறானது, உடைந்த போனுக்கு அப்புறமும் ஒன்றரை வருடம் கட்டினேன். போதாததற்கு, பாக்கி வைத்துவிட்டால் பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவார்கள் என்பதும் அப்போது தெரியாது, நான்பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் முதலில் கார்டைத் தொடாதீர்கள், அப்புறம் உங்களால் முடிந்த ஒரு தொகையை முடிவு செய்து, பில்லில் மினிமம் எவ்வளவு இறங்கினாலும் அதைக் குறைக்காமல் கட்டுங்கள். தம்பி தன் கார்டை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறான். நம்பர் அவனுக்கு மனப்பாடம் என்பது நேற்றுதான் தெரிந்தது.

வாடகை குறைவு என்று தொலைவில் வீடு எடுப்பது

வாடகையை மட்டும் பார்க்காதீர்கள், போக்குவரத்துச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்றால் 25 வேலை நாளில் 75 மணி நேரம் சாலையிலேயே போய்விடும். அந்த அலுப்பில் எவன் சமைப்பான்? வாடகையில் மிச்சம் பிடித்ததை நான் வெளிச் சாப்பாட்டுக்கே கொடுத்தேன்.

பல்வலியைத் தள்ளிப்போடுவது

சின்னச் சொத்தையை அடைக்கக் காசில்லை என்று ஒரு வருடம் ஓட்டினேன். கடைசியில் வேர் சிகிச்சை, அதற்கு மேல் ஒரு உறை. செலவு பல மடங்கு.

மொத்தமாக வாங்கினால் லாபம்

கெட்டுப்போகாத பொருளுக்கு மட்டும்.

நண்பன் கடனுக்கு ஜாமீன்

போடாதீர்கள். "சும்மா பேருக்குத்தான்டா" என்பான். அவன் கட்டாவிட்டால் கடன் உங்களுடையது.