பருப்பை எண்ணி வேதிப்பிணைப்பு கற்கலாம்

வேதிப்பிணைப்புப் பாடத்தில் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் எண்ணிக்கையில்தான். ஒரு எலக்ட்ரான் காணாமல் போயிருக்கும், அல்லது இல்லாத ஒன்று முளைத்திருக்கும். தாளில் புள்ளி வைத்து வரையும்போது இது கண்ணில் படாது. பருப்பை வைத்துச் செய்தால் உடனே பட்டுவிடும். கையில் எடுத்த பருப்பெல்லாம் கடைசியில் மேசைமேல் இருந்தாக வேண்டும் அல்லவா?

தேவையானவை

கொண்டைக்கடலை 30 (புரோட்டான்), வெள்ளைப் பட்டாணி 30 (நியூட்ரான்), துவரம்பருப்பு 25, தோல் நீக்காத உடைத்த உளுந்து 25 (இரண்டுமே எலக்ட்ரான்). சட்னிக் கிண்ணம் 2, வெள்ளைத் தாள் 2, காம்பஸ், மெல்லிய பிளாஸ்டிக் வளையல் 3.

எலக்ட்ரானுக்குக் கடுகு வேண்டாம். மின்விசிறிக் காற்றிலேயே உருண்டு ஓடிவிடும். உடைத்த பருப்புக்கு ஒரு பக்கம் தட்டை என்பதால் வைத்த இடத்தில் நிற்கும். இரண்டு நிறம் எதற்கென்றால், எந்த எலக்ட்ரான் எந்த அணுவிலிருந்து வந்தது என்று பார்க்க. உண்மையில் எலக்ட்ரான்களுக்குள் எந்த வேறுபாடும் கிடையாது.

இலங்கைப் பாடநூல் வைத்திருப்பவர்கள் எலக்ட்ரானை இலத்திரன் என்றும், புரோட்டானைப் புரோத்தன் என்றும், சகப்பிணைப்பைப் பங்கீட்டுவலுப் பிணைப்பு என்றும் படித்துக்கொள்ளலாம்.

படி 1: அணுக்கரு

சோடியத்தில் தொடங்குவோம். அணு எண் 11, நிறை எண் 23. அணு எண் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கை. நிறை எண்ணிலிருந்து அதைக் கழித்தால் நியூட்ரான்: 23 − 11 = 12. ஒரு கிண்ணத்தில் 11 கொண்டைக்கடலையும் 12 பட்டாணியும் போடுங்கள். அடுத்த கிண்ணம் குளோரினுக்கு: 17 கொண்டைக்கடலை, 18 பட்டாணி.

இங்கேதான் முதல் குழப்பம் வரும். தனிம அட்டவணையில் குளோரினின் அணு நிறை 35.5 என்று போட்டிருக்கும். 17-ஐக் கழித்தால் 18.5. அரை நியூட்ரான் எங்கே கிடைக்கும்? எங்கும் கிடைக்காது. இயற்கையில் குளோரின் அணுக்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிறை எண் 35 கொண்டவை, கால் பங்கு 37 கொண்டவை. 35.5 என்பது அவற்றின் சராசரி. தனி அணுவின் நிறை எண் எப்போதும் முழு எண்தான்.

கிண்ணத்தின் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். அணுக்கரு ஒரு கொண்டைக்கடலை அளவு, அதாவது 8 மில்லிமீட்டர் என்று வைத்தால், முழு அணுவின் குறுக்களவு ஏறக்குறைய 800 மீட்டர் வரும்.

படி 2: கூடுகளை நிரப்புதல்

ஒவ்வொரு தாளிலும் 5, 7, 9 செ.மீ. ஆரத்தில் மூன்று வட்டங்கள் வரைந்து, நடுவில் கிண்ணத்தை வையுங்கள். ஒவ்வொரு வட்டமும் எலக்ட்ரான்கள் இருக்கும் ஒரு கூடு. உள்ளிருந்து வெளியே நிரப்ப வேண்டும்: முதல் கூட்டில் அதிகபட்சம் 2, இரண்டாவதில் 8. சோடியத்துக்கு 11 துவரம்பருப்பு: 2, 8, 1. குளோரினுக்கு 17 உளுந்து: 2, 8, 7.

மூன்றாம் கூட்டின் முழுக் கொள்ளளவு 18. அதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், அணு எண் 19 உள்ள பொட்டாசியத்துக்கு 2, 8, 9 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 2, 8, 8, 1. வெளிக்கூட்டில் 8-க்கு மேல் நிற்காது. அதற்குள் நான்காம் கூடு தொடங்கிவிடும். மிச்சமுள்ள 10 இடங்கள் ஸ்காண்டியம் முதல் நிரம்பும் கதை மேல்வகுப்புக்கு. கால்சியம் வரை, அதாவது முதல் 20 தனிமங்களுக்கு, இந்த முறை போதும்.

எலக்ட்ரான்கள் உண்மையில் இப்படி வட்டப்பாதையில் ஓடுவதில்லை. 1913-இல் நீல்ஸ் போர் முன்வைத்த இந்தப் படத்தை அறிவியல் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் எண்ணிப் பழக இதைவிட எளிய படம் இல்லை.

படி 3: வெளிக்கூட்டை மட்டும் பாருங்கள்

பிணைப்பில் பங்குகொள்வது வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள்தாம். நியான் (2, 8), ஆர்கான் (2, 8, 8) போன்ற மந்த வாயுக்களில் வெளிக்கூட்டில் 8 இருக்கிறது. அவை எளிதில் யாருடனும் சேர்வதில்லை. மற்ற அணுக்கள் சேரும்போது பெரும்பாலும் இதே 8-இல் வந்து நிற்கின்றன. இதுதான் எண்ம விதி. ஹைட்ரஜனுக்கு 2 போதும். போரான் போன்றவை 6-லேயே நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே இதை நல்ல வழிகாட்டியாகக் கொள்ளலாம், இயற்கைச் சட்டமாக அல்ல.

படி 4: அயனிப் பிணைப்பு

சோடியத்தின் வெளிக்கூட்டில் இருக்கும் ஒரே துவரம்பருப்பை எடுத்துக் குளோரினின் வெளிக்கூட்டில் வையுங்கள். இப்போது சோடியம் 2, 8. குளோரின் 2, 8, 8.

மின்சுமையைக் கிண்ணத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். சோடியத்தில் 11 கொண்டைக்கடலை, 10 பருப்பு: ஒரு நேர்மின்சுமை மிச்சம், ஆக +1. குளோரினில் 17-க்கு 18: −1. "எலக்ட்ரான் கூடியிருக்கிறதே, ஏன் கழித்தல்?" என்று கேட்பவர்கள் எலக்ட்ரானே எதிர்மின்சுமை என்பதை மறந்திருப்பார்கள். சோடியம் நியானாக மாறிவிட்டதா என்றும் சிலர் கேட்பார்கள். இல்லை. கிண்ணத்தில் 11 இருக்கும்வரை அது சோடியம்தான்.

கொடுத்து வாங்குவதே பிணைப்பு என்று நினைப்பது பரவலான தவறு. கொடுத்ததால் உருவான +1, −1 அயனிகளுக்கு (மின்சுமை பெற்ற அணுக்களுக்கு) இடையிலான மின் ஈர்ப்புதான் பிணைப்பு. சோடியம் எலக்ட்ரானைத் தானாக உதறுவதும் இல்லை. பிரித்தெடுக்க ஆற்றல் செலவாகும். முதல் எலக்ட்ரானுக்கு ஆகும் செலவைப் போல ஏறக்குறைய 9 மடங்கு இரண்டாவதற்கு ஆகும். அதனால்தான் ஒன்றோடு நிற்கிறது. அயனிகள் நெருங்கிச் சேரும்போது வெளிப்படும் ஆற்றல் அந்தச் செலவை ஈடுகட்டிவிடுகிறது. "அணு எட்டுக்கு ஆசைப்படுகிறது" என்று சொல்வது நினைவில் வைக்க உதவும், காரணம் ஆகாது.

சாப்பாட்டு உப்பில் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் தனி ஜோடியாக இருப்பதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம். எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பதால் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்கிறது.

அடுத்து நீங்களே மெக்னீசியம் குளோரைடு செய்து பாருங்கள். மெக்னீசியம் 2, 8, 2. இரண்டு பருப்பையும் ஒரே குளோரினில் வைத்தால் வெளிக்கூடு 9 ஆகிவிடும். எனவே இன்னொரு குளோரின் வேண்டும். சரிபார்ப்பு: முன்னே 2 + 7 + 7 = 16, பின்னே 0 + 8 + 8 = 16.

படி 5: சகப்பிணைப்பு

இங்கே எலக்ட்ரானைக் கொடுப்பதில்லை, இரண்டு அணுக்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. இனி கிண்ணங்களை ஒதுக்கிவிடலாம். ஒரு வளையல் ஓர் அணுவின் வெளிக்கூடு. இரண்டு வளையல்களை 2 செ.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு வையுங்கள். பொதுவான பகுதியில் இருக்கும் பருப்பு இருவர் கணக்கிலும் சேரும்.

இரண்டு குளோரின்: 7 + 7 = 14 உளுந்து. பொதுப்பகுதியில் 2, வளையலுக்குத் தனியாக 6. ஒவ்வொரு வளையலுக்குள்ளும் எண்ணினால் 8. இது ஒற்றைப் பிணைப்பு.

இரண்டு ஆக்சிஜன்: 6 + 6 = 12. பொதுவில் 2 வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 7-தான் வரும். பொதுவில் 4 வையுங்கள். தனியாக 4 ஆகும். இரட்டைப் பிணைப்பு. நைட்ரஜனுக்கு (5 + 5) பொதுவில் 6 வேண்டும், தனியாக 2: மும்மைப் பிணைப்பு. இதைப் பிரிப்பது மிகக் கடினம் என்பதால்தான் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன் இருந்தும் பயிருக்கு உரம் போட வேண்டியிருக்கிறது.

தண்ணீருக்கு மூன்று வளையல். நடுவில் ஆக்சிஜன் 6 உளுந்து, இரு ஹைட்ரஜனுக்கும் தலா 1 துவரம்பருப்பு; மொத்தம் 8. ஒவ்வொரு பொதுப்பகுதியிலும் ஓர் உளுந்தும் ஒரு துவரம்பருப்பும். மிச்சம் 4 உளுந்து ஆக்சிஜனிடமே நிற்கும். தேர்வுத்தாளில் அதிகம் விட்டுப்போவது இந்த 4 எலக்ட்ரான்கள்தாம். மூன்று வளையல்களையும் நேர்கோட்டில் வைக்காதீர்கள். பங்கிடாத அந்த நான்கும் பிணைப்புகளை ஒரு பக்கமாகத் தள்ளுவதால் தண்ணீர் மூலக்கூறு 104.5 டிகிரியில் வளைந்திருக்கிறது.

படி 6: உப்பா, சர்க்கரையா?

அயனிப் பிணைப்புள்ள உப்பும் சகப்பிணைப்புள்ள சர்க்கரையும் மின்சாரத்தைக் கடத்துகின்றனவா என்று பார்ப்போம். தேவையானவை: 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி, 470 ஓம் மின்தடை, இருமுனையும் சீவிய பென்சில் 2, வயர். பேட்டரியின் நேர்முனையிலிருந்து மின்தடை, அங்கிருந்து எல்இடியின் நீளக்கால், குட்டைக்காலிலிருந்து ஒரு பென்சிலின் கரிமுனை. எதிர்முனையிலிருந்து மற்றொரு பென்சில். மின்தடையை விட்டுவிட்டால் எல்இடி கருகும். சுவர் பிளக்கில் இதைச் செய்யவே கூடாது.

கரிமுனைகளை 1 செ.மீ. இடைவெளியில் முதலில் காய்ந்த உப்பில் குத்துங்கள்: எல்இடி எரியாது. அயனிகள் இருந்தும் நகர முடியவில்லை. மழைக்காலத்தில் ஈரம் கோத்த உப்பு லேசாக எரியவைக்கும். வாணலியில் வறுத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். பிறகு 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு: நன்றாக எரியும். அதே அளவு சர்க்கரை கரைத்த நீரில் எரியாது. சர்க்கரை மூலக்கூறுகள் உடையாமல் அப்படியே கரைகின்றன, சுமை தாங்கிச் செல்ல அயனி இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் செய்தால் சர்க்கரைக்கும் மங்கலாக எரியலாம், நீரிலேயே உப்புகள் இருப்பதால். முனைகளைக் கழுவாமல் மாற்றினாலும் இதே கோளாறு வரும்.

உப்புநீரில் 10 விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். நேர்முனைப் பக்கத்துப் பென்சிலில் பிளீச்சிங் பவுடர் வாடை வரும். படி 4-இல் வாங்கிய அந்த ஒரு பருப்பைக் குளோரைடு அயனி அங்கே திருப்பிக் கொடுக்கிறது. மீண்டும் 7 எலக்ட்ரானோடு நிற்கும் குளோரின் அணுக்கள் படி 5-இன் முதல் இரண்டு வளையல்களைப் போல ஜோடி சேர்ந்து, வாயுவாக வெளியே வருகின்றன.