எழுதி நடிப்பவரைப் பாராட்டி விமர்சனம் எழுத

பெங்களூரு ஜே.பி. நகரில் உள்ள ரங்க சங்கரா நாடக அரங்கில் தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள். சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலைக் கணக்கிட்டுக் கிளம்புங்கள். முதல் காட்சியைப் பார்க்காமல் விமர்சனம் எழுதவே கூடாது.

எழுதியவரே நடிக்கும்போது, ‘பிரமாதம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு உழைப்பும் கரைந்துவிடும். பிரித்துப் பாருங்கள். கைதட்டல் விழுந்த வசனம் ஒன்றை அப்படியே குறித்துவைத்து, வீட்டில் சத்தமாக வாசியுங்கள். நீங்கள் சொல்லியும் சிரிப்பு வந்தால் அது எழுத்தின் பலம். சப்பென்று இருந்தால் நடிப்பின் பலம்: எங்கே நிறுத்தினார், எந்தச் சொல்லை விழுங்கினார் என்று எழுதுங்கள்.

சோ ராமசாமி போல எழுதி நடிப்பவர் யாரானாலும் இன்னொன்றைக் கவனியுங்கள். நல்ல வரிகள் சக நடிகருக்கும் போயிருக்கின்றனவா? போயிருந்தால் தனியாகப் பாராட்டுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கதைச் சுருக்கம் மூன்று வரி போதும்.